குடிசைக்கு வந்த திருமகள்

(ஓவியர் இரவிவர்மாவின் வாழ்வும் பணியும்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

முன்னுரை

கொங்கு நாட்டில் எந்த ஊர்க் கடைவீதியில் நடந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். மளிகைக் கடையாயினும், விசைத்தறிக் கூடமாயினும், தேநீர்க் கடையாயினும், கல்லாப்பெட்டிக்கு மேலே கண்ணாடி போட்ட படமொன்று மாட்டப்பட்டிருக்கும். நீர்நிலையில் மலர்ந்த தாமரை. அதன்மேல் நான்கு கரங்களுடன் நிற்கும் திருமகள். அருகே மாலையேந்திய யானை. காலையில் கடை திறந்ததும் முதல் ஊதுவத்தி அந்தப் படத்திற்குத்தான். முதல் வியாபாரத்துப் பணமும் அதன் முன்னே ஒருமுறை காட்டப்பட்ட பிறகே பெட்டிக்குள் விழும்.

அந்தத் திருமகளுக்கு அந்த முகத்தை வரைந்து தந்தவர் யார்? நாள்தோறும் அவளைக் கும்பிடுகிற நம்மில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் கோவைக்குக் காற்றையும் சாரலையும் அனுப்பி வைக்கும் மலையாள மண்ணில் பிறந்த ஓவியர் இராஜா இரவிவர்மாதான் அவர். இன்று நாம் காணும் படங்கள் பெரும்பாலும் அவர் வரைந்த திருமகளின் மகள்களும் பேத்திகளும் ஆவர் எனலாம்.

அரசர்கள் போட்டியிட்டு வாங்கிய ஓவியங்களை எழுதியவர் அவர். ஆயினும், அரண்மனைச் சுவரில் தொங்கிய ஓவியத்தைச் சாதாரண மனிதனின் மண்சுவருக்குக் கொண்டுவந்தாரே, அந்தச் செயலே அவருடைய பெரும்பணி என்பது என் கருத்து. அதற்காக அவர் பட்ட பாடும், அதனால் அவர் கேட்ட பழியும் நாம் அறியத் தக்கவை.

பிறப்பும் இளமையும்

திருவிதாங்கூர் நாட்டில் கிளிமானூர் என்னும் சிற்றூரில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். நம் கல்லூரியின் வித்தாகிய பள்ளி 1852-இல் கோவையில் தொடங்கப்பட்டபோது அவர் நான்கு வயதுக் குழந்தை. தாயார் உமையம்பா தம்புராட்டி. தந்தையார் நீலகண்டன் பட்டதிரி வடமொழி அறிந்தவர். கிளிமானூர்க் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மண உறவு கொண்ட குடும்பம். ஆயினும் இரவிவர்மா எந்த நாட்டையும் ஆண்ட அரசர் அல்லர். இராஜா என்னும் அடைமொழி பிற்காலத்தில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

குழந்தைப் பருவத்தில் அவர் கையில் அகப்பட்ட கரித்துண்டெல்லாம் வீட்டுச் சுவரில் ஆடாகவும் மாடாகவும் மாறியது என்பர். சுவரைப் பாழாக்கிய பிள்ளையை அடித்துத் திருத்துவதுதான் அந்நாளைய வழக்கம். நல்வாய்ப்பாக அந்த வீட்டில் ஓவியம் அறிந்த தாய்மாமன் இராஜராஜவர்மா இருந்தார். அவர் தஞ்சாவூர் முறையில் படம் எழுதுபவர். மருமகனின் கோடுகளில் உயிர் இருப்பதைக் கண்ட அவர் தண்டிக்கவில்லை. கோடு இழுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பிள்ளையின் வாழ்வில் அறிந்தவர் ஒருவர் தக்க வேளையில் எதிர்ப்படுவது எத்துணைப் பெரிய பேறு!

ஒளிந்து கற்ற கல்வி

1862-ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரிடம் அறிமுகப்படுத்தினார். மன்னர் கலை விருப்பமுடையவர். அரண்மனையில் தங்கி ஓவியம் பழக இடம் கொடுத்தார். இடம் கிடைத்தது, ஆசிரியர்தான் கிடைக்கவில்லை.

அப்போது அரசவை ஓவியராக இருந்தவர் மதுரையிலிருந்து சென்ற இராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணங்களைக் கையாளும் முறை அவருக்குத் தெரியும். அரச உறவுடைய இந்த இளைஞர் நாளை தமக்குப் போட்டியாக வருவார் என்று கருதியதாலோ என்னவோ, அவர் கற்றுத்தர உடன்படவில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவு நேரங்களில் ஆசிரியருக்குத் தெரியாமல் வந்து, தாம் அறிந்ததை இரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். அந்தத் தமிழருக்கு நாம் அனைவரும் கடமைப்பட்டவர்கள்.

1868-இல் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தாரின் உருவங்களை எழுத வந்தார். அவரும் தம் முறையைக் கற்பிக்க விரும்பவில்லை. மன்னரின் வேண்டுகோளுக்காக, தாம் வரையும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். இரவிவர்மா நின்றார், பார்த்தார், இரவில் தம் அறையில் தனித்திருந்து செய்து பார்த்தார், தவறியதை அழித்து மறுபடியும் எழுதினார். இவ்வாறு பார்த்தும் கேட்டும் பிழைத்தும் திருந்தியும் பெற்ற கல்வியே அவருடைய கல்வி.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன மறை பொருள் இருந்தது? வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல் கூற விழைகிறேன். நீர் வண்ணத்தில் நீர் ஆவியாகி விடுவதால் அது விரைவில் காய்கிறது. ஆளிவிதை எண்ணெய் அவ்வாறு ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, நாட்கணக்கில் இறுகுகிறது. அதுவரை வண்ணம் ஈரமாகவே இருக்கும். கன்னத்தின் ஒளி தாடையின் நிழலாக மாறுமிடத்தை ஓவியர் மீண்டும் மீண்டும் இழைத்துக்கொண்டே இருக்கலாம். கண்ணோரத்தில் திரண்ட நீரையும் நாணத்தில் சிவந்த கன்னத்தையும் உயிருள்ள முகத்தில் காண்பதுபோல் எழுத இந்த அவகாசம் பெரிதும் உதவியது.

சென்னை தந்த புகழ்

1866-இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பகீரதியை அவர் மணந்தார். 1870-இல் கொல்லூர் மூகாம்பிகையை வணங்கிவிட்டு, ஓவியத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வதென்று முடிவு செய்தார். அவ்வாண்டிலேயே கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த கிருஷ்ண மேனோனின் குடும்பத்தை வரைந்து முதன்முதலாகக் கூலி பெற்றார். அரச உறவினர் ஒருவர் கூலிக்குப் படம் எழுதுவது அந்நாளில் எளிய செயலன்று. கைத்தொழில் செய்வோரைக் கீழாக நினைத்த காலம் அது. அந்த எண்ணத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

அவருக்குப் புகழ் வாசலைத் திறந்து வைத்தது நம் சென்னை மாநகரம். 1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மலர்ச்சரம் சூடும் நாயர்ப் பெண்ணின் ஓவியத்திற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஓவியம் அவ்வாண்டு வியன்னா நகரத்து உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டில், நரம்புக் கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணை வரைந்து சென்னையில் மீண்டும் பதக்கம் பெற்றார். 1876-இல் தாமரை இலையில் காதல் மடல் தீட்டும் சகுந்தலையைக் கொண்டுவந்தார். அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் அதை விலைக்கு வாங்கினார். சாகுந்தல நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தம் நூலின் முகப்பில் இவ்வோவியத்தைச் சேர்த்துக்கொண்டார்.

1893-இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் சென்று பரிசு பெற்றன. அதே ஆண்டில் அதே நகரில்தான் விவேகானந்தர் உலகச் சமய மாநாட்டில் முழங்கினார். இரவிவர்மாவோ ஒருமுறையும் கடல் கடந்தவர் அல்லர். கிளிமானூருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்காகவே அங்கு ஓர் அஞ்சலகம் திறக்க நேர்ந்தது என்பர்.

சகுந்தலையின் பார்வை

இரவிவர்மாவின் ஓவியங்களுள் நம் உள்ளத்தை ஒருமுறை பற்றினால் விடாதது, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை. தோழியரோடு நடந்து செல்லும் அவள் திடீரென நிற்கிறாள். ஒரு கையால் தோழியின் தோளைப் பற்றிக்கொண்டு, மறு கையைப் பாதத்திற்குக் கொண்டு போகிறாள். காலில் முள் தைத்துவிட்டதாம்! உண்மையில் முள் ஏதும் இல்லை. விட்டு வந்த காதலனை இன்னுமொரு முறை பார்த்துக்கொள்ள அவள் கண்டுபிடித்த சாக்கு அது. கை முள்ளைத் தேடுகிறது. முகமோ பின்னால் திரும்பி இருக்கிறது.

இந்த ஓவியத்தில் துஷ்யந்தன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனை வரையாமலே அவன் அங்கு நிற்பதை ஓவியர் நமக்கு உணர்த்திவிட்டார். 1893-இல் வரைந்த மற்றோர் ஓவியத்திலும் இந்த உத்தியைக் காணலாம். அதில் தம் மகளையே வரைந்தார். இடுப்பில் குழந்தையை ஏந்திய அவள், அப்பா வருகிறார் என்று விரல் நீட்டிக் காட்டுகிறாள். காலடியில் நிற்கும் நாயும் அத்திசையையே பார்க்கிறது. வருகின்ற அப்பா மட்டும் ஓவியத்தில் இல்லை!

சாகுந்தலம் வடமொழி நாடகம். அதைப் படிக்கக் கல்வி வேண்டும். நள தமயந்தி கதையும் அரிச்சந்திரன் கதையும் அறிய ஏடு வேண்டும், கூத்தாவது வேண்டும். ஆனால் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் உள்ளத்தை அறிய எந்த எழுத்தும் வேண்டியதில்லை. சந்தைக்கு வந்த குடியானவனும், அவன் தலைச்சுமையை இறக்கிவைத்த மனைவியும், ஓவியத்தின் முன் நின்ற மாத்திரத்தில் அதைப் படித்துவிட முடியும். எழுத்தறியாதவர்களும் படிக்கக் கூடிய புத்தகத்தை இரவிவர்மா எழுதினார். ஆனால் அந்தப் புத்தகம் அப்போது அரண்மனைகளுக்குள்ளே பூட்டிக் கிடந்தது.

கல்லில் கரைந்த செல்வம்

பூட்டைத் திறக்கும் யோசனையைச் சொன்னவர் ஒரு தமிழ்நாட்டார். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பின்னர்ப் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், இரவிவர்மாவின் படங்களுக்கு நாடெங்கும் இருக்கும் தேவையை ஒருவரே கையால் வரைந்து நிறைவேற்ற இயலாது என்றும், சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் படியெடுக்கலாம் என்றும் கடிதம் எழுதினார். பரோடா மன்னருக்காக வரைந்த பதினான்கு புராண ஓவியங்களைப் பம்பாயில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியது. திவானின் கருத்து எத்துணைச் சரியானது என்பதை அந்தக் கூட்டம் மெய்ப்பித்தது.

ஐரோப்பாவுக்கு அனுப்புவானேன் என்று எண்ணிய இரவிவர்மா, 1894-இல் பம்பாய் கிர்காம் பகுதியில் தாமே அச்சகம் தொடங்கினார். எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன; தொழில் அறிந்தவர்களும் அங்கிருந்தே வந்தனர். தம்பி இராஜராஜவர்மா மேற்பார்வையை ஏற்றார். அவரும் நல்ல ஓவியர். அண்ணனின் நிழல்போல் உடன் வாழ்ந்தவர்.

அந்த அச்சு முறைக்குக் கல்லச்சு என்று பெயர். 1796-ஆம் ஆண்டு வாக்கில் பவேரியா நாட்டு செனபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் ஒரே உண்மையின்மேல் அது நிற்கிறது. மழமழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பும் மெழுகும் சோப்பும் கலந்த கரிக்கோலால் படத்தை இடவல மாற்றி வரைவார்கள். பின் வேலம் பிசினும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவார்கள். கரிக்கோலின் கொழுப்பு அமிலம் கல்லிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத சோப்பாகிக் கல்லிலேயே தங்கிவிடும். இது நமக்குப் புதிதன்று. சிறுவாணித் தண்ணீரில் பொங்கி நுரைக்கும் சோப்பு, ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரில் நுரைக்காமல் திரிதிரியாக வாளியில் ஒட்டுகிறதே, அதே வினைதான்! இனிக் கல்லை நீரால் நனைத்து, எண்ணெய் மையை உருளையால் உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பற்றும். நனைந்த இடம் மையைத் தள்ளும். தாளை வைத்து அழுத்தினால் படம் தயார்.

ஒரு வண்ணத்திற்கு ஒரு கல். திருமகளின் சேலைக்கும், மேனிக்கும், நீரின் நீலத்திற்கும் தனித்தனிக் கற்கள் வேண்டும். ஒரு படத்திற்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படும். அத்தனை கற்களிலிருந்தும் ஒரே தாளில் மயிரிழை விலகாமல் அச்சிட வேண்டும். முதலில் சகுந்தலையின் பிறப்பு அச்சாயிற்று. 1896-இல் திருமகளும், வெண்ணிற ஆடையில் வீணையேந்திய கலைமகளும் வெளிவந்தனர்.

கடவுளரை அச்சிட்டவர்களுள் இரவிவர்மா முதல்வர் அல்லர். கல்கத்தாவிலும் புனாவிலும் அவருக்கு முன்னரே சிலர் அச்சிட்டிருந்தனர். ஆனால் மன்னர்கள் வாங்கும் ஓவியர் ஒருவர் தம் கைத்திறனையும் கைப்பொருளையும் அதில் இட்டது பெருஞ்செய்தியாயிற்று.

வாணிகம் அவருக்கு வாய்க்கவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவி, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினர். அச்சகம் 1899-இல் உலோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறியது. கடன் ஏறிற்று. வரைந்து ஈட்டியதையெல்லாம் கற்கள் விழுங்கின. புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அங்கே பணிபுரிந்த ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்கே அச்சகத்தையும் படங்களை அச்சிடும் உரிமையையும் விற்றுவிட்டார். ஓவியருக்கு நட்டம், நாட்டுக்கோ படம் நின்றபாடில்லை. அவர் காலத்திற்குப் பிறகும் பல்லாண்டுகள் இயங்கிய அந்த அச்சகம் 1972-இல் தீக்கு இரையாயிற்று.

கோபுரத்திற்கு வெளியே நின்றவர்கள்

அச்சகம் தொடங்கிய 1894-ஆம் ஆண்டை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்நாளில் நம் மக்களுள் ஒரு பெரும் பகுதியினர் கோயிலுக்குள் நுழைய முடியாது. இரவிவர்மாவின் சொந்த நாடாகிய திருவிதாங்கூரில் ஆலயக் கதவுகள் எல்லாருக்கும் திறந்தது 1936-இல். நம் சென்னை மாகாணத்தில் அனைவருக்கும் உரிமை தந்த சட்டம் வந்தது 1947-இல். அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது கோபுர தரிசனம் மட்டுமே. கருவறையில் இருக்கும் தெய்வத்தின் முகம் எப்படி இருக்கும் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

எங்கள் அப்பத்தா ஒன்று சொல்வதுண்டு. அவருடைய தாயார் தேர்த் திருவிழா நாளில் வீதியோரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி விடுவாராம். வீட்டில், சாணம் மெழுகிய மண்சுவரில், சந்தையில் வாங்கிய சிறியதொரு திருமகள் படம் இருந்ததாம். விளக்கேற்றி அதன் முன் நிற்கும்போது மட்டும், யாரும் தள்ளி நில் என்று சொல்லாத இடம் இது என்பாராம். அந்தப் படத்தை அச்சிட்டவர் யாரென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட ஒரு படம் அந்தச் சுவருக்கு வரக்கூடும் என்ற நிலையை உண்டாக்கியவர்களுள் தலையாயவர் இரவிவர்மா.

அவர் இதை எண்ணியே செய்தார் என்று கூறினால் அது மிகை. அவர் தொடங்கியது ஒரு வாணிகம். அவரோ உயர்ந்த குடியில் பிறந்து அரசர்களோடு பழகியவர். ஆயினும் செயலின் பயன் செய்தவரின் எண்ணத்தையும் தாண்டிச் செல்வது உலகில் புதிதன்று. விற்கும் தாளுக்குச் சாதி தெரியாது. காசு கொடுத்தவர் கைக்கு அது போயிற்று. ஒருகாலத்தில் பிறர் மறைத்த கலையை ஓரமாக நின்று பார்த்துக் கற்றவரின் படம், ஓரமாக நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுக்குள் சென்று நடுச்சுவரில் அமர்ந்தது!

பின்னர் அந்த மரபு தமிழகத்திலும் வேரூன்றியது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) முதலியோர் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி ஊரெங்கும் பரவின. 1930-களில் நம் கோவையில் எழுந்த சென்டிரல் ஸ்டூடியோ போன்ற இடங்களில் புராணப் படங்கள் எடுத்தபோதும், தேவியின் சேலைக் கட்டும் கிரீடமும் இந்தப் படங்களை ஒட்டியே அமைந்தன எனலாம்.

குறை கூறியோர்

இரவிவர்மாவைக் குறை கூறியோரும் சிறியவர்கள் அல்லர். சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர் கல்கத்தாவிலும் தலைமை வகித்த ஹாவெல், அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, சகோதரி நிவேதிதா ஆகியோர், அவருடையது மேலைநாட்டு முறையின் நகல் என்றும், நாடக மேடைத் தன்மையுடையது என்றும், இந்தியக் கலையின் ஆழம் அதில் இல்லை என்றும் எழுதினர். சோழர் செப்புத் திருமேனிகளைக் கண்டவர்கள் அவர்கள் சொல்வதில் உண்மை இல்லை என்று தள்ளிவிட மாட்டார்கள்.

எனக்கு வேறொரு குறையும் தோன்றுகிறது. கல்லச்சைக் கொண்டே பிரெஞ்சு நாட்டு ஓவியர் டோமியே (1808–1879) சுமார் 4,000 படங்களை வெளியிட்டார். 1834-இல் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றில் படைவீரர்கள் குடியிருப்புக்குள் புகுந்து எளிய மக்களைக் கொன்றபோது, படுக்கையருகே இறந்து கிடக்கும் தொழிலாளியையும், அவன் உடலின்கீழ் நசுங்கிய குழந்தையையும் கல்லில் வரைந்தார். அரசு அப்படத்தின் படிகளைத் தேடித்தேடிப் பறித்தது. மூன்றாம் வகுப்பு இரயில் பெட்டியில் களைத்து அமர்ந்திருக்கும் ஏழைக் குடும்பத்தையும் அவர் வண்ணத்தில் எழுதினார். அவருடைய ஓவியத்தில் ஏழை, ஓவியத்துக்குள்ளேயே இருக்கிறான். இரவிவர்மாவின் ஓவியத்தில் ஏழை பெரும்பாலும் வெளியே நின்று பார்க்கிறான். உள்ளே இருப்பவர்கள் பட்டும் நகையும் பூண்ட, வெளுத்த மேனியர். திருமகள் என்றால் சிவந்த மேனி என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்ததற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம். வெயிலில் கருத்து நாற்று நடும் நம் தாய்மார்களின் நிறத்தில் ஒரு திருமகளை அவர் எழுதியிருந்தால் எத்துணை நன்றாக இருந்திருக்கும்!

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். குறை கூறியோர் அருங்காட்சியகத்தையும் அரண்மனையையும் கண்டவர்கள். படத்தைத் தவிர வேறு கலையே வாய்க்காத வீடுகளின் கணக்கு அவர்கள் தராசில் ஏறவில்லை.

இறுதி நாட்கள்

1904-இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் அளித்தது. மைசூர் மன்னர் புராண ஓவியங்கள் ஒன்பது வேண்டுமென்று பணித்தார். பணி நடந்துகொண்டிருக்கையில், 1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்பி இராஜராஜவர்மா மறைந்தார். வாழ்நாளெல்லாம் உடன் வரைந்த கை போய்விட்டது. மனைவியை 1891-லேயே இழந்திருந்த ஓவியர் இப்போது தனி மரமானார். நீரிழிவு நோய் உடலை அரித்தது. ஆயினும் ஒப்புக்கொண்ட ஓவியங்களை எழுதி முடித்தார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கிளிமானூரில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 58.

சத்தியமங்கலம் மலையேறி மைசூருக்குச் சுற்றுலா செல்லும் நம் மாணவர்கள் மிருகக்காட்சிச் சாலையோடு திரும்பிவிடாமல், ஜகன்மோகன் அரண்மனையில் அவருடைய அசல் ஓவியங்களைக் கண்டு வருதல் வேண்டும். பதினொரு பெண்கள் பல இசைக் கருவிகளோடு கூடியிருக்கும் புகழ்பெற்ற ஓவியம் அங்குதான் உள்ளது.

முடிவுரை

இந்திய அரசு 1979-இல் இரவிவர்மாவின் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது. அசல் ஓவியத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லச் சட்டம் இடந்தராது. 2008-இல் தமிழ்நாட்டுத் துணிக்கடை ஒன்று அவருடைய ஓவியங்களை நெய்து உருவாக்கிய பட்டுப்புடவை ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய்க்கு விலைபோயிற்று. இவையெல்லாம் அவருக்குக் கிடைத்த பெருமைகளே.

ஆயினும் அந்தப் புடவையை உடுத்துவோர் ஒருவர். அந்த ஓவியத்தை வாங்குவோர் ஒருவர். கற்களில் கரைந்துபோன அவருடைய செல்வமோ இலட்சோப இலட்சம் தாள்களாகி, பூட்டில்லாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கலை என்பது கற்றவர்க்கும் செல்வர்க்கும் மட்டும் உரியதன்று என்று நாம் மேடையில் பேசுகிறோம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே அதற்காகத் தம் கைப்பொருளை இழந்து காட்டினார் ஒருவர்.

கற்ற கலையை மறைத்து வைப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஆறுமுகம் பிள்ளையைப் போல இரவோடு இரவாக வந்து சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி வந்த நம்மில் பலர், இவ்விரு வகையினரையும் கண்டே இருக்கிறோம். நாளை நமக்கும் ஏதேனும் ஒரு கலையோ கல்வியோ கைவரும்போது, அதைப் பூட்டி வைப்பதா, அச்சேற்றி அனுப்புவதா என்ற கேள்வி எழும். அன்று நாம் இரவிவர்மாவின் பக்கம் நிற்போமாக!